ஏழ்மையை அளக்கும் முழம் யாருடையது?

கொடைக்கானலில் ஒரு வீட்டில் மின்விசிறி இல்லை. வேடசந்தூர் அருகே ஒரு வீட்டிலும் மின்விசிறி இல்லை. கணக்கெடுப்புப் படிவத்தில் இரண்டு வீடுகளுக்கும் ‘இல்லை’ என்ற ஒரே குறிதான் விழும். ஆனால், ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கும் வீட்டுக்கு மின்விசிறி தேவையே இல்லை. கோடையில் அனல் அடிக்கும் சமவெளி வீட்டில் அது இல்லையென்றால், வாங்க வழியில்லை என்றே பெரும்பாலும் பொருள். இரண்டும் திண்டுக்கல் என்ற ஒரே மாவட்டத்துக்குள் இருப்பவை. ஒரே கேள்வி, ஒரே பதில். பொருள் மட்டும் வேறு.

இது படிவம் நிரப்புபவர்களின் சிறு சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. எந்த மாநிலம் முன்னேறியது, எந்த வட்டாரம் பின்தங்கியது, எந்தச் சமூகத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்ற முடிவுகள் எல்லாம் இத்தகைய ‘உண்டு – இல்லை’ பதில்களைத் தொகுத்து உருவாக்கப்படும் குறியீடுகளின் மீதே இன்று எழுப்பப்படுகின்றன. தேசிய மக்கள்தொகைக் கணக்கெடுப்புடன் சாதிவாரி விவரங்களையும் திரட்டுவதென மத்திய அரசு 2025 ஏப்ரல் 30 அன்று முடிவெடுத்தது. தெலங்கானா 2024-இலேயே தனியாக ஓர் ஆய்வு நடத்தி, சாதிகளின் பின்தங்கிய நிலையை ஒப்பிடும் குறியீட்டை ஒரு நிபுணர் குழுவின் மூலம் உருவாக்கியது. இனி வரும் ஆண்டுகளில் குழுக்களை எண்களால் ஒப்பிடும் வேலை பெருகத்தான் போகிறது. ஆகவே, ஒப்பிடும் அளவுகோல் எல்லாக் குழுக்களிடமும் ஒரே பொருளைத்தான் அளக்கிறதா என்ற கேள்வியை இப்போதே எழுப்பியாக வேண்டும் என்று கருதுகிறேன்.

எடை எங்கிருந்து வருகிறது?

நம் நாட்டில் ஒரு குடும்பத்தின் வருமானத்தைக் கேட்டு நம்பகமான பதில் பெறுவது கடினம். விவசாயக் கூலிக்கு மாத வருமானம் என்ற ஒன்றே கிடையாது; சிறு வியாபாரி தன் வரவைச் சொல்லத் தயங்குவார். அதனால்தான் தேசியக் குடும்ப நல ஆய்வு வருமானத்தைக் கேட்காமல், வீட்டில் உள்ள பொருள்களையும் வசதிகளையும் கேட்கிறது. 2005-06-இல் நடந்த மூன்றாவது சுற்றில் இப்படி 33 அம்சங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டன. தரை, சுவர், கூரை, கழிப்பறை, சமையல் எரிபொருள், வங்கிக் கணக்கு ஆகியவற்றோடு மெத்தை, பிரஷர் குக்கர், நாற்காலி, மின்விசிறி, தொலைக்காட்சி, தையல் இயந்திரம், மிதிவண்டி, மாட்டு வண்டி, நீரிறைக்கும் பம்பு, டிராக்டர் ஆகியவையும் அதில் அடக்கம்.

இவற்றில் நாற்காலிக்கு எத்தனை மதிப்பெண், காருக்கு எத்தனை என்பதை எந்த அதிகாரியும் உட்கார்ந்து தீர்மானிப்பதில்லை. முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு என்ற கணித முறை அந்த எடைகளைத் தருகிறது. இது காரணிப் பகுப்பாய்வுக்கு மிக நெருங்கிய முறை. நுணுக்கத்தில் இரண்டும் வேறு என்றாலும் அடிப்படை எண்ணம் ஒன்றே: பல பொருள்கள் சேர்ந்தே இருப்பதும் சேர்ந்தே இல்லாமல் போவதும் தற்செயல் அல்ல, அவற்றின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டில் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளும் சிமெண்ட் கூரையும் இருக்கின்றன என்றால், அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு ‘வசதி’ என்று பெயர் வைக்கிறோம். அதனோடு இறுக்கமாக ஒட்டி நிற்கும் பொருளுக்கு அதிக எடையும், ஒட்டாத பொருளுக்குக் குறைந்த எடையும் கிடைக்கின்றன.

1904-இல் சார்லஸ் ஸ்பியர்மேன் என்ற ஆங்கிலேய உளவியலாளர், பள்ளி மாணவர்களின் வெவ்வேறு பாட மதிப்பெண்கள் சேர்ந்தே ஏறி இறங்குவதைக் கண்டு, அதற்குப் பொதுவான ஒரு திறன் காரணம் என்று வாதிட்டார். காரணிப் பகுப்பாய்வு அங்கே தொடங்கியது. அதே வழியில் வந்த ஒரு முறையை உலக வங்கிப் பொருளாதார அறிஞர்கள் டியோன் ஃபில்மரும் லான்ட் பிரிட்செட்டும் வீட்டுப் பொருள்களுக்குப் பயன்படுத்தினார்கள். அவர்களின் 2001-ஆம் ஆண்டுக் கட்டுரை, 1992-93 இந்தியக் குடும்ப நல ஆய்வின் தரவைக் கொண்டு மாநிலவாரியாகப் பள்ளிச் சேர்க்கையை ஆராய்ந்தது. உலகம் முழுவதும் இன்று பரவியிருக்கும் முறைக்கு இந்தியக் குடும்பங்களே ஆரம்பகாலச் சோதனைக் களமாக இருந்திருக்கின்றன.

தொலைக்காட்சி சொல்லும் கதை

எடைகள் நாடு முழுவதற்கும் பொதுவாகக் கணிக்கப்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் 2006-இல் தொடங்கி அரசு கோடிக்கும் மேற்பட்ட வண்ணத் தொலைக்காட்சிகளை இலவசமாக வழங்கியது. 2011-க்குப் பிறகு மின்விசிறி, மிக்ஸி, கிரைண்டர் வந்தன. மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு மிதிவண்டி கிடைத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 87 விழுக்காட்டு வீடுகளில் தொலைக்காட்சி இருந்தது. பிகாரில் அந்த அளவு 14.5 விழுக்காடு மட்டுமே.

இந்த இரண்டு எண்களையும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பிகாரில் தொலைக்காட்சி உள்ள வீடு, ஊரின் வசதியான ஏழில் ஒரு பங்குக்குள் வந்துவிடும். அங்கே அது இருப்பது செல்வத்தின் அடையாளம். தமிழ்நாட்டிலோ அது இருப்பது எதையும் சொல்வதில்லை, இல்லாததுதான் சொல்கிறது. அதாவது, ஒரே பொருள் ஓரிடத்தில் பணக்காரரைப் பிரித்துக் காட்டுகிறது. இன்னோரிடத்தில் பரம ஏழையைப் பிரித்துக் காட்டுகிறது. இரண்டு மாநிலங்களையும் ஒரே பட்டியலில் வைத்து வரிசைப்படுத்தினால், சின்னாளப்பட்டியில் கடனில் தறி ஓட்டும் நெசவாளரின் வீடு, அரசு கொடுத்த தொலைக்காட்சியாலும் மின்விசிறியாலும் சில படிகள் மேலே ஏறி நிற்கும். அவருடைய சேமிப்பு ஒரு ரூபாய்கூட உயர்ந்திருக்காது.

அந்த நெசவாளரின் பிழைப்புக்கே ஆதாரமான தறி, மேலே சொன்ன 33 அம்சங்களில் இல்லை. தையல் இயந்திரம் இருக்கிறது. பூட்டுத் தொழிலாளியின் பட்டறைக் கருவிகள் இல்லை. வானம் பார்த்த பூமியில் குடும்பத்துக்கு ஆபத்துக் காலச் சேமிப்பாக விளங்கும் ஆடுகள் இல்லை. நீரிறைக்கும் பம்பு இருக்கிறது. ஆனால், ஒட்டன்சத்திரம் பகுதிக் காய்கறி விவசாயிக்கு அது பாசனக் கருவி, திண்டுக்கல் நகரவாசிக்கு மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார். ஆயிரம் அடி தோண்டியும் வற்றிப்போன ஆழ்துளைக் கிணற்றின் மேல் நிற்கும் பம்புக்கும் படிவத்தில் ‘உண்டு’ என்றே குறி விழும்.

எடைகளை இப்படிக் கணிக்காத குறியீடுகளும் இதற்கு விலக்கல்ல. நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டில் எடைகள் முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டவை. அதன்படி, வானொலி, தொலைக்காட்சி, தொலைபேசி, கணினி, மாட்டு வண்டி, மிதிவண்டி, மோட்டார் சைக்கிள், குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றில் ஒன்றுக்கு மேல் இல்லாமலும், கார் அல்லது லாரி இல்லாமலும் இருந்தால்தான் ஒரு குடும்பம் ‘உடைமை இல்லாதது’. இலவசத் தொலைக்காட்சியும் மகளின் பள்ளி மிதிவண்டியும் இருந்துவிட்டால் அந்தக் குறை நீங்கிவிட்டதாகக் கணக்கு. தமிழ்நாட்டின் பல்பரிமாண வறுமை 2015-16-இல் 4.76 விழுக்காடாக இருந்து 2019-21-இல் 2.20 விழுக்காடாகக் குறைந்ததாக நிதி ஆயோக் கூறுகிறது. அந்தச் சாதனையை நான் மறுக்கவில்லை. பன்னிரண்டு அளவைகளில் உடைமை ஒன்று மட்டுமே. அதன் எடையும் சிறிதே. ஆனால், அந்த எண்ணுக்குள் எதெல்லாம் அடங்கியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

முழம் வேறு, கை வேறு

திண்டுக்கல், நிலக்கோட்டைப் பகுதிகளில் பூ வாங்கியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மொத்தச் சந்தையில் பூவைக் கிலோவில் நிறுக்கிறார்கள். தெருவில் தொடுத்த சரத்தை முழம் போட்டுக் கொடுக்கிறார்கள். முழம் என்ற சொல் ஒன்றே. ஆனால் கை நீளமானவரின் முழம் வேறு, குட்டையானவரின் முழம் வேறு. ஒரே பூக்காரரிடம் நேற்று வாங்கிய மூன்று முழத்தையும் இன்று வாங்கும் நான்கு முழத்தையும் ஒப்பிடலாம். இரண்டு பூக்காரர்களின் முழங்களை ஒப்பிட, முதலில் இருவரின் கைகளையும் அளந்தாக வேண்டும்.

புள்ளியியல் அறிஞர்கள் இப்படிக் ‘கையை அளப்பதை’ மூன்று படிகளாக வகுத்திருக்கிறார்கள். 1971-இல் சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் யோரெஸ்கோக் பல குழுக்களில் ஒரே நேரத்தில் காரணிப் பகுப்பாய்வு செய்யும் முறையை வகுத்த பிறகு இது தனித் துறையாகவே வளர்ந்தது. முதல் படி: இரு குழுக்களிலும் அதே பொருள்கள்தான் ஒன்றுசேர்ந்து நிற்கின்றனவா? நகரத்தில் கார், கணினி, குளிர்சாதனப் பெட்டி ஒரு கொத்தாகவும், கிராமத்தில் டிராக்டர், பம்பு, மாட்டு வண்டி இன்னொரு கொத்தாகவும் நின்றால், ‘வசதி’ என்ற ஒற்றைப் பெயரே பொருந்தாது. இரண்டாம் படி: ஒவ்வொரு பொருளும் அந்தக் காரணியோடு ஒட்டும் வலிமை இரு குழுக்களிலும் சமமா? கொடைக்கானல் மின்விசிறி தோற்பது இந்தப் படியில். அங்கே அதற்கும் வசதிக்கும் தொடர்பே இருக்காது. மூன்றாம் படி: ஒரே அளவு வசதி உள்ள இரு குடும்பங்கள், எந்தக் குழுவைச் சேர்ந்தவையானாலும், அந்தப் பொருளை வைத்திருக்கும் வாய்ப்பு ஒன்றுதானா? தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி தோற்பது இங்கே. இங்கு மிகக் குறைந்த வசதியிலேயே அது வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

இந்த மூன்றில் கடைசிப் படியையும் தாண்டினால்தான் இரு குழுக்களின் சராசரி மதிப்பெண்களை ஒப்பிட்டு ‘இவர்கள் முன்னேறியவர்கள், அவர்கள் பின்தங்கியவர்கள்’ என்று சொல்லும் உரிமை கிடைக்கிறது. இரண்டாம் படி வரை மட்டுமே வந்தால், குழுவுக்குள் இருக்கும் தொடர்புகளை ஒப்பிடலாம். சராசரிகளை ஒப்பிடக் கூடாது. நம் பொது விவாதங்களிலோ முதல் படியைக்கூடச் சோதிக்காமல் நேரே தரவரிசைக்குப் போய்விடுகிறோம்.

இதை அலட்சியப்படுத்தியதன் விலையை வரலாறு பதிவு செய்திருக்கிறது. முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் ஏறத்தாழ 17 லட்சம் பேருக்கு அறிவுத்திறன் தேர்வுகள் நடத்தியது. அமெரிக்க வாழ்க்கையில் பழகியவர்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள் வினாக்களில் கலந்திருந்தன. அந்த மதிப்பெண்களைக் கொண்டு 1923-இல் கார்ல் பிரிகம் என்ற உளவியலாளர் தெற்கு, கிழக்கு ஐரோப்பியக் குடியேறிகள் அறிவில் தாழ்ந்தவர்கள் என்று நூல் எழுதினார். மறு ஆண்டு குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1930-இல் பிரிகம் தன் முடிவுகளைத் தானே திரும்பப் பெற்றார். வெவ்வேறு மொழியும் வாழ்க்கையும் கொண்ட மக்களை அந்தத் தேர்வுகளால் ஒப்பிடவே முடியாது என்று ஒப்புக்கொண்டார். சட்டமோ பல பத்தாண்டுகள் நீடித்தது. தவறான ஒப்பீட்டைத் திருத்துவது எளிது. அதன் மேல் எழுந்த முடிவைத் திருத்துவது எளிதல்ல.

நம் நிர்வாகம் ஏற்கெனவே அறிந்தது

இந்தச் சிந்தனை நமக்கு அந்நியமானதல்ல. 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தின் தகுதி விதிகளைப் பாருங்கள். நன்செய் என்றால் ஐந்து ஏக்கர், புன்செய் என்றால் பத்து ஏக்கர் என்று நில வரம்பு வகுக்கப்பட்டது. ஏக்கர் என்ற அளவு ஒன்றாக இருந்தாலும், ஆற்றுப் பாசனத்தில் விளையும் ஏக்கரும் குஜிலியம்பாறையின் மானாவாரி ஏக்கரும் ஒன்றல்ல என்பதை வருவாய்த் துறை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. காரணிப் பகுப்பாய்வின் மொழியில் சொன்னால், குழுவுக்குக் குழு எடையை மாற்றி அமைத்த ஒப்பீடு அது.

1980-இல் அறிக்கை தந்த மண்டல் ஆணையமும் இதைச் செய்தது. அதன் 11 அளவைகளில் சமூக அளவைகளுக்கு மூன்று, கல்விக்கு இரண்டு, பொருளாதாரத்துக்கு ஒன்று என எடை கொடுக்கப்பட்டது. குடும்பச் சொத்து, குடிசை வீடு போன்றவற்றில் ஒரு சாதியின் நிலை அகில இந்திய சராசரியோடு ஒப்பிடப்படவில்லை; அந்தந்த மாநிலத்தின் சராசரியோடு ஒப்பிடப்பட்டது. அந்த எடைகளோடு ஒருவர் உடன்படலாம், படாமலும் போகலாம். ஆனால், அளவுகோலை அந்த மண்ணில் ஊன்ற வேண்டும் என்ற தெளிவு அதில் இருந்தது.

காலம் மாறினாலும் பொருளின் பொருள் மாறும். பிரதமரின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் மோட்டார் இருசக்கர வாகனமோ குளிர்சாதனப் பெட்டியோ இருந்தால் வீடு கிடையாது என்ற விதி நீண்டகாலம் இருந்தது. நூற்பாலை வேலைக்கும் சந்தைக்கும் பழைய மொபட்டில் போய்வரும் கூலித் தொழிலாளியை அது பணக்காரராக்கியது. 2024-இல் அந்த விதி நீக்கப்பட்டது. உலக அளவிலான மக்கள்தொகை – சுகாதார ஆய்வுத் திட்டத்திலும், செல்வக் குறியீடு நகரத்துக்குச் சாய்ந்திருக்கிறது என்ற விமர்சனத்தை அடுத்து, 2008-இல் ஷியா ருட்ஸ்டீன் நகரத்துக்கும் கிராமத்துக்கும் தனித்தனியே எடை கணித்து, பின்னர் அவற்றைப் பொது அளவில் இணைக்கும் வழியை முன்வைத்தார்.

எனினும் நகரம், கிராமம் என்ற இரண்டு பெட்டிகள் போதுமா? சின்னாளப்பட்டி பேரூராட்சி என்பதால் கணக்கில் அது நகரம். அதன் தறிக்கூடத்தையும் கொடைக்கானல் நகரின் விடுதித் தொழிலையும் ஒரே பெட்டியில் போடுகிறோம். கொடைக்கானல் மேல்மலைக் கிராமத்தையும் வேடசந்தூர்க் காட்டையும் இன்னொரு பெட்டியில் போடுகிறோம்.

இரண்டு எதிர்வாதங்கள்

அரசு கொடுத்தாலும் தொலைக்காட்சி தொலைக்காட்சிதானே, அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நலத்திட்டங்களின் பயனையே மறைப்பதாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் பதில், எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. மக்கள் அனுபவிக்கும் வசதிகளை அளப்பது நோக்கமென்றால் இலவசத் தொலைக்காட்சியும் முழுமையாகச் சேர வேண்டும். திடீர் மருத்துவச் செலவையோ ஒரு பருவ விளைச்சல் பொய்ப்பதையோ தாங்கும் பொருளாதார வலிமையை அளப்பது நோக்கமென்றால், அது ஏறக்குறைய எதையும் சொல்லாது. ஒரே குறியீட்டை இரண்டு வேலைக்கும் பயன்படுத்துவதுதான் பிழை.

இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் சாதிக்கும் தனி அளவுகோல் வைத்தால் ஒப்பீடே அற்றுப்போகும். செல்வாக்குள்ள ஒவ்வொரு குழுவும் தனக்குச் சாதகமான எடையைக் கேட்கும். இந்த அபாயம் மெய்யானது. மேலும், சிறிய மாதிரிகளில் எடைகள் தற்செயலாகவும் மாறும். ஐந்தாவது குடும்ப நல ஆய்வு நாடு முழுவதும் 6,36,699 குடும்பங்களைச் சந்தித்தது. 707 மாவட்டங்களுக்கு அதைப் பகிர்ந்தால் ஒரு மாவட்டத்துக்குச் சராசரியாக 900 குடும்பங்களே வரும். அதில் கொடைக்கானல் மலைப்பகுதிக்கு மட்டும் தனியே பகுப்பாய்வு செய்தால், கிடைக்கும் வேறுபாடு உண்மையா, தற்செயலா என்று சொல்ல முடியாது.

இரண்டுக்கும் இடையே ஒரு வழி இருக்கிறது. எல்லாக் குழுக்களிலும் ஒரே பொருள் தரும் அம்சங்களைச் சோதித்துக் கண்டறிந்து அவற்றை நங்கூரமாக வைத்துக்கொள்ள வேண்டும். தரை, கூரை, ஓர் அறையில் உறங்குவோர் எண்ணிக்கை போன்றவை இதற்குத் தகுதியானவையாக இருக்கலாம். சோதித்த பிறகே முடிவு செய்ய வேண்டும். சோதனையில் தோற்கும் மின்விசிறி, தொலைக்காட்சி போன்ற சிலவற்றுக்கு மட்டும் குழுவாரியாக எடை மாறட்டும். மாதிரி சிறியதென்றால் கொடைக்கானல், நீலகிரி, ஏற்காடு போன்ற மலைப்பகுதிகளை ஒரே குழுவாகச் சேர்த்துப் பார்க்கலாம். ஒப்பீடும் நிலைக்கும், நியாயமும் நிலைக்கும்.

செய்ய வேண்டியவை

ஏழ்மை, பின்தங்கிய நிலை குறித்த எந்தக் குறியீட்டை அரசு வெளியிட்டாலும், தரவரிசையோடு ஒவ்வொரு அம்சத்தின் எடையையும் குழுவாரியாக வெளியிட வேண்டும். மலை – சமவெளி, நகரம் – கிராமம், தொழில், சமூகம் என்று பிரித்துப் பார்த்தாலும் அந்த எடைகள் நிலைக்கின்றனவா என்ற சோதனை முடிவு அறிக்கையின் முதல் பக்கங்களிலேயே இடம்பெற வேண்டும். நிலைக்கவில்லை என்றால், அந்தக் குழுக்களைத் தரவரிசைப்படுத்தக் கூடாது. சாதிவாரி விவரங்கள் வெளிவரும்போது இந்த ஒழுங்கு இன்னும் கட்டாயமாகிறது. ஏனெனில், அங்கே ஓர் எண்ணின் பிழை ஒரு தலைமுறையின் கல்வியையும் வேலைவாய்ப்பையும் பாதிக்கும்.

முன்னோட்டச் சோதனைக்குத் திண்டுக்கல்லைவிடப் பொருத்தமான மாவட்டம் அரிது. ஏழாயிரம் அடி மலை, மானாவாரிக் காடு, காய்கறிச் சந்தை, நூற்பாலைகள், தறிகள், பூட்டுப் பட்டறைகள் எல்லாம் ஒரே ஆட்சியரின் எல்லைக்குள் இருக்கின்றன. கிராமப்புற ஆய்வுக்கென்றே தோன்றிய காந்திகிராம கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இங்கேயே இருக்கிறது. தறி, ஆடு, கிணற்று நீரின் நிலை ஆகியவற்றையும் கேள்வியில் சேர்த்து, தமிழ்நாடு அரசு இங்கு ஒரு சோதனை ஆய்வை நடத்தினால், அதன் படிப்பினை நாடு முழுவதற்கும் பயன்படும்.

திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, அதன் சாவி வேறொரு பூட்டைத் திறக்காது என்ற நம்பகத்தன்மைக்கும் சேர்த்துத்தான். மக்களை அளக்கும் குறியீடுகளைச் செய்பவர்களோ, ஒரே சாவியை எல்லா வாசல்களிலும் திருகிப் பார்த்துவிட்டு, திறக்காத வீட்டில் ஆளில்லை என்று எழுதிவிடுகிறார்கள். வேடசந்தூர் வீட்டில் ஆள் இருக்கிறார், மின்விசிறிதான் இல்லை.